விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

குத்தம்பாக்கம்
2.9.2024

தம்பி திருமுருகனுக்கு அக்கா ஷோபனா எழுதுவது.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நேற்று நீயும் உன் மாமாவும் போனில் கத்தி முடித்த பிறகு, அவர் நிஷாவைக் கூப்பிட்டு நிற்க வைத்து, அவள் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். "உன் தம்பியாண்ட இனிமே நீ பேசக்கூடாது. போன்லயும் சரி, நேர்லயும் சரி" என்றார். பேச மாட்டேன் என்றேன். எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் அது தோன்றவில்லை. பெற்ற பெண்ணின் தலையில் அடித்த சத்தியத்தை என்னால் மீற முடியாது. அதனால் இனி இப்படித்தான். இங்கிருந்து அம்பத்தூருக்கு ஒரு பஸ் தூரம், அதற்கு நடுவில் தபால்காரர் அலைய வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை நடந்ததை அந்த இன்ஜினியர் வாயால் கேட்டிருப்பாய். என் வாயாலும் கேள். காலையில் பைக்கில் ஒரு ஆள் வந்தார், கூடவே இரண்டு கூலியாட்கள். கரண்ட் ஆபீஸ் ஆள் என்று நினைத்து உன் மாமா நாற்காலி எடுத்துப் போட்டார். "என் பேரு நாகேந்திரன். திருமுருகன் சார் அனுப்பினாரு. ஊடு வாங்கறதுக்கு முன்னாடி ஸ்ட்ராங்கா கீதான்னு பாக்கணும்" என்றார் அவர். நீ எங்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் மாமாவின் முகம் போன போக்கை நான்தான் பார்த்தேன்.

சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு சுவராகத் தட்டி, காது வைத்துக் கேட்டார். ஏணி போட்டு ஏறி உத்தரத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். அதுவரை உன் மாமா பொறுத்துக்கொண்டார். பிறகு மேற்குச் சுவர் ஓரம் கடப்பாரை போட்டுப் பள்ளம் தோண்டினார்கள், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டுமாம். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக் கன்னியம்மாள், "இன்னா ஷோபனா, ஊட்டுக்கு அடில புதையலா கீது?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பங்காளி பரந்தாமன் அத்தனை பேர் முன்னாலும் உன் மாமாவைப் பார்த்து, "சொந்த மச்சானே உன்ன நம்பலயாடா?" என்றார். உன் மாமா உள்ளே போய்ப் படுத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மேற்கு ரூமில் விரிசல் விட்ட மூன்று இடத்தில் நீளமாகக் கண்ணாடித் துண்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனுஷன். திருஷ்டிக்கா, வேறெதற்கா, எனக்குத் தெரியாது. வாசலில் நின்று உன் மாமாவிடம் ஏதேதோ விளக்கினார். என்னிடம் அவர் கேட்டது டீ மட்டும்தான்.

பக்கத்து மனையில் லாட்ஜ் கட்டுகிறவர் இந்த வீட்டை எத்தனை தடவை கேட்டார் என்று உனக்குத் தெரியும். புது பஸ் நிலையம் வருகிறது, இடித்துவிட்டுச் சேர்த்துக் கட்டிக்கொள்கிறேன் என்றார். அவருக்குச் சுவர் எப்படி இருந்தால் என்ன. நாங்கள் ஆவடிப் பக்கம் போவது முடிவானதும் நான்தான் உன் மாமாவிடம் கெஞ்சினேன், இடிக்கிறவனுக்கு வேண்டாம், என் தம்பி குடியிருப்பான் என்று. என் பேச்சைக் கேட்ட உன் மாமாவிடம்தான் நீ போனில் "வாங்கற பொருள செக் பண்ணாம எப்டி மாமா வாங்கறது" என்றாய். அதற்கு அவர், "உங்க ஊட்ல பொண்ணெடுத்தப்ப நான் டாக்டர இட்டாந்து செக் பண்ணனா?" என்று கேட்டது தப்பாகவே இருக்கட்டும். நீ சிரித்தாயே, அதை அவர் மறக்க மாட்டார்.

கொடுத்த வாக்கு கொடுத்ததுதானாம். வீடு உனக்குத்தான். பேச்சு மட்டும் கிடையாது.

ஷோபனா


அம்பத்தூர்
10.9.2024

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையால் எழுதி எத்தனையோ வருடம் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பிரியாவின் ஆபீசில் விக்ரம் என்று ஒருவர். பூந்தமல்லி தாண்டி ஒரு பழைய வீட்டை, தெரிந்தவர் வீடுதானே என்று பார்க்காமல் வாங்கினார். இரண்டாவது மழைக்கு உத்தரம் உளுத்துப்போய்க் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. விற்றவர் சித்தப்பா முறை. இப்போது இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அந்த மாதிரி நமக்குள் வரக் கூடாது என்றுதான் இன்ஜினியரை அனுப்பினேன். சொந்தத்தைக் காப்பாற்றச் செய்ததை நீங்கள் சொந்தத்தை அவமானப்படுத்தியதாக எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய.

அந்த வீடு மாமாவின் அப்பா கட்டியது, அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சுண்ணாம்புக் காரை, கீழே களிமண். பக்கத்தில் லாட்ஜுக்கு இரண்டு ஆள் ஆழம் தோண்டி வைத்திருக்கிறார்கள். மேற்கு ரூமில்தான் வர்ஷா படுக்கப் போகிறாள். உன் தம்பி மகள்தானே அவள்? இந்த ஃபிளாட்டில் அவள் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து நிற்கிறார். அவளுக்காகத்தான் தரையோடு இருக்கிற வீடு வேண்டும் என்கிறேன். அது அவள் தலையில் விழாத வீடாகவும் இருக்க வேண்டும்.

முன்னால் சொல்லாதது தப்பு. சொல்லியிருந்தால் மாமா ஒத்துக்கொண்டிருக்க மாட்டார் என்பதும் உனக்குத் தெரியும். பொருள் என்று சொன்னதற்கு வருத்தப்படுகிறேன். இன்ஜினியரை அனுப்பியதற்கு வருத்தப்பட மாட்டேன். என்ன செய்ய வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று நாகேந்திரன் சார் மாமாவிடம் எல்லாம் விளக்கிவிட்டார். மழை ஓய்ந்ததும் இன்னொரு தடவை வந்து பார்ப்பார். அவர் சரி என்றால் தையில் பதிவு.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன் அக்கா. எழுதுவதாக இருந்தால் விஷயத்தை மட்டும் எழுது. யார் சிரித்தார்கள், யார் சாப்பிடவில்லை என்பதையெல்லாம் உட்கார்ந்து படிக்க எனக்கு நேரம் இல்லை. ஆபீசில் நாள் முழுக்கப் படிப்பதுதான் என் பிழைப்பு.

திரு


குத்தம்பாக்கம்
11.11.2024

தம்பி திருமுருகனுக்கு,

விஷயத்தை மட்டும் எழுது என்றாய். எனக்கு அப்படி எழுத வராது. உன் மேல் இருக்கிற கோபத்தை முதலில் எழுதித் தீர்த்தால்தான் மற்றது வரும்.

நிஷா பிறந்ததிலிருந்து நீ வராத முதல் தீபாவளி இது. சுடிதாரைக் கூரியரில் அனுப்பியிருந்தாய். பிரியா எடுத்தது என்று பார்த்ததும் தெரிந்தது, நல்ல நிறம். உன் மாமா வாங்கி பிரிட்ஜ் மேல் வைத்தார், பிரிக்கவில்லை. நிஷா அதைப் பார்த்துக்கொண்டே போய்க்கொண்டு வந்துகொண்டு இருந்தாள். மூன்றாவது நாள் நானே பிரித்துக் கொடுத்தேன். அவள் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அந்தப் பள்ளத்தை உன் ஆட்கள் மேலோட்டமாக மண் தள்ளிவிட்டுப் போனார்கள். மழையில் மண் உள்வாங்கி, சுவரோரம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஒரு கூடை மண் போடுங்கள் என்றேன். "தோண்டுனவன் வந்து மூடட்டும்" என்றார். மேற்கு ரூமுக்குள் அவர் காலே வைப்பதில்லை. அந்தப் பக்கம் போனாலே சுத்தியல் சத்தம் கேட்கிறதாம். டீக்கடையில் பரந்தாமன் இவரைப் பார்த்தால், "இன்னாபா, உன் ஊட்டுக்கு ரிப்போர்ட் வந்துச்சா? சுகர் கீதாமா, பிரஷர் கீதாமா?" என்று கேட்கிறார். இவர் டீக்கடை மாற்றிக்கொண்டார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனுஷன் உன்னால் டீக்கடை மாற்றினார் என்று எழுதினால் உனக்குச் சிரிப்பாக இருக்கும். கூட இருந்து பார்க்கிற எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு இரண்டு பக்கமும் இடி. உனக்காக அவரிடம் பேசினால் பிறந்த வீட்டுக்காரி என்கிறார். அவருக்காக உன்னிடம் எழுதினால் புலம்பல் என்கிறாய். இந்த வீட்டை உனக்கு என்று கேட்ட அன்றைக்கு என் வாயில் மண்ணைப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

தாள் தீர்ந்துவிட்டது. நிஷாவின் நோட்டிலிருந்து இன்னொன்று கிழித்து எழுதுகிறேன்.

இனி விஷயம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பதினேழாம் தேதி காலையில் நிஷாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். திருநின்றவூர்க்காரர்கள், பையன் பெயர் ரோஹித், நல்ல வேலை. தாய்மாமன் இல்லாமல் பெண்ணை எப்படிக் கூட்டிவந்து நிறுத்துவது? உன் மாமாவிடம் கேட்டேன். "வர்றதுன்னா வரட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிசு. பிரியாவையும் வர்ஷாவையும் கூட்டிக்கொண்டு வா. என்னோடு பேச முடியாது, பரவாயில்லை, வந்து நில்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை மேற்கு ரூமைப் பெருக்கப் போனால், இன்ஜினியர் ஒட்டிய கண்ணாடியில் நடுவில் இருந்தது குறுக்கே உடைந்திருந்தது. பெண் பார்க்க வருகிற வீட்டில், அதுவும் வெள்ளிக்கிழமை, சுவரில் உடைந்த கண்ணாடியா? பெயர்த்து எடுத்து, திருமழிசை பிரேம் கடையில் அதே அளவுக்கு வேறு வெட்டி வாங்கி, டைல்ஸ் வேலைக்கு வாங்கி மீந்த வெள்ளை சிமெண்டில் ஒட்டிவிட்டேன். பழையதில் பேனாவால் தேதி எழுதியிருந்தார். ஏதோ கணக்கு வைத்திருப்பார் என்று அதே தேதியை அப்படியே எழுதி வைத்தேன். அவர் ஏதாவது கேட்டால் நீ சொல்லிவிடு.

ஞாயிற்றுக்கிழமை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஷோபனா


அம்பத்தூர்
16.12.2024

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது, படித்தேன். உடனே பதில் எழுதவில்லை, எழுதினால் சண்டையாகப் போகும் என்று விட்டுவிட்டேன். தீபாவளிக்கு வராததையும் டீக்கடையையும் பற்றி நான் என்ன பதில் எழுத முடியும்? பரந்தாமன் பேசுவதற்கெல்லாம் நான் பொறுப்பா?

நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். போன வாரம் நீ வேலையாக வெளியே போயிருந்தபோது நாகேந்திரன் சார் வந்து பார்த்திருக்கிறார். மாமா கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றாராம். இவ்வளவு மழைக்கும் சுவரில் அசைவு இல்லை, விரிசல் பழசு, பயப்பட ஒன்றும் இல்லை, தைரியமாக வாங்கலாம் என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். இப்போது மாமாவுக்கும் பெருமைதானே? அவருடைய அப்பா கட்டிய வீடு நன்றாக இருக்கிறது என்று ஒரு இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். பரந்தாமனிடம் போய்ச் சொல்லச் சொல்.

தை பிறந்ததும் பதிவு வைத்துக்கொள்ளலாம்.

திரு


குத்தம்பாக்கம்
23.12.2024

திருமுருகனுக்கு,

படித்தேன் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு வரிகூட எழுத உனக்கு மனம் வரவில்லை. ரிப்போர்ட்டைப் பற்றி அத்தனை வரி எழுதியிருக்கிறாய்.

சுவர் நன்றாக இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் அதில்தான் இத்தனை வருடம் படுத்து எழுந்தோம்.

பதிவு ஆபீசுக்கு அவர் வருவார், கையெழுத்துப் போடுவார். நானும் வருவேன். எங்கள் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்காதே. சாவியை ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் பிரியா கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஷோபனா


அம்பத்தூர்
3.11.2025

ஷோபனா அக்காவுக்கு,

பதிவு முடிந்து இத்தனை மாதத்தில் உனக்கு நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. இதை எழுத வேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை.

போன மாதம் மேற்கு ரூம் சுவர் விழுந்தது உனக்குத் தெரியும், ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. மறுநாளே நாங்கள் அம்பத்தூருக்குத் திரும்பிவிட்டோம். உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். சாயங்காலம், மழை விட்டிருந்த நேரம். பிரியா அடுப்படியில் இருந்தாள். லாரி மண் கொட்டுகிற மாதிரி சத்தம் கேட்டு ஓடியிருக்கிறாள். வர்ஷாவின் கட்டில் மேல் உத்தரம் குறுக்கே கிடந்தது. அவள் தலையணை செங்கலுக்கு அடியில் இருந்தது. வர்ஷா டியூஷனில் இருந்தாள் என்பதே பிரியாவுக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. வெறும் கையால் செங்கல்லைத் தள்ளித் தள்ளி, கை இரண்டும் கிழிந்து கட்டுப் போட்டிருக்கிறாள்.

நாகேந்திரன் சாரை வரவழைத்தேன். உன் ரிப்போர்ட் என்ன ரிப்போர்ட் என்று அவர் சட்டையைப் பிடிக்காத குறை. அவர் மீதி நின்ற சுவரைப் பார்த்தார். விரிசல் மேல் கண்ணாடி ஒட்டுவது எதற்கு என்று அவர் மாமாவிடம் அன்றே சொல்லியிருந்தார். சுவர் ஒரு நூல் அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால் வீட்டை வாங்காதே என்று அர்த்தம். உடையாமல் இருந்தால் வாங்கலாம். அவ்வளவுதான் கணக்கு. டிசம்பரில் அவர் வந்தபோது மூன்றும் முழுசாக இருந்தன, அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார். இப்போது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுவில் இருந்தது அவர் ஒட்டியதே இல்லை. போட்டோ பிரேமுக்குப் போடுகிற மெல்லிய கண்ணாடி. ஒட்டியிருப்பது வெள்ளை சிமெண்ட். தேதியைக்கூட அதே மாதிரி எழுதியிருக்கிறார்கள். தெரியாமல் செய்கிறவன் தேதி எழுதுவானா அக்கா?

ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். பக்கத்துப் பிரேம் கடைகளில் விசாரித்து, திருமழிசைக் கடைக்காரரைக் கூட்டிவந்தார்கள். அவர் மாமாவின் பேரைச் சொல்லி, சம்பந்தம் வீட்டுக்குத்தான் வெட்டிக் கொடுத்தேன் என்றார். அவர் மேலே சொல்வதற்குள் மாமாவே எழுந்து, "நாந்தான் ஒட்டனேன், எழுதிக்கோங்க" என்றார். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

செக் பண்ணியது தப்பு என்று ஒரு வருடம் என்னைப் பேசினீர்களே. செக் பண்ணியதையே ஏமாற்றிவிட்டு, டீக்கடை மாற்றினார், சாப்பிடாமல் படுத்தார் என்று எனக்குக் கடிதம் வேறு. உனக்கு இது தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கப் போவதில்லை. தெரிந்திருந்தால் நீ எனக்கு அக்கா இல்லை. தெரியாது என்றால், நீ எந்த மாதிரி ஆளோடு குடும்பம் நடத்துகிறாய் என்று இப்போதாவது தெரிந்துகொள்.

வக்கீல் நோட்டீஸ் தனியாக வரும்.

திருமுருகன்


கோவில்பதாகை, ஆவடி
8.11.2025

திருமுருகனுக்கு,

அந்தக் கண்ணாடி எதற்கு என்று நீ புகார் கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த இன்ஜினியர் என்னிடம் டீ கேட்டார், நான் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைப் பற்றி ஆம்பளைகள் வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள். அந்த ரூமைத் தினம் பெருக்குகிறவள் நான். என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, உன் மாமாவுக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை.

கண்ணாடியை மாற்றியது நான். தேதி எழுதியதும் என் கைதான். என் எழுத்து உனக்குத் தெரியாதா? நீ எழுதப் படிக்கக் கற்றதே என் நோட்டைப் பார்த்துத்தான். போன வருடம் நவம்பர் மாதம் நான் எழுதிய கடிதத்தை எடு. இரண்டாவது தாளைப் படி. என்ன உடைந்தது, எங்கே வாங்கினேன், எதால் ஒட்டினேன், எல்லாம் இருக்கிறது. இன்ஜினியர் கேட்டால் சொல்லிவிடு என்றுகூட எழுதியிருக்கிறேன். நீ படித்தேன் என்று பதில் போட்டாய். படித்தவன் சரி என்கிறான், அப்படியென்றால் சரிதான் என்று நானும் இருந்துவிட்டேன்.

அந்தத் தாளில் வேறொன்றும் எழுதியிருக்கிறேன். அதையும் படி.

இனி உன் மாமாவைப் பற்றி. கண்ணாடி உடைந்தது அவருக்குத் தெரியாது. அந்த ரூமுக்குள் அவர் போகவே இல்லை. ஸ்டேஷனில் கடைக்காரர் "அந்தம்மா வந்துதான்" என்று ஆரம்பித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்து என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று அவரே எழுந்து பழியை வாங்கிக்கொண்டார். அத்தனை பேர் பார்க்க, காலையிலிருந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூடப் போன என்னை அவர் வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. பரந்தாமனும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் கேட்டார், "இன்னாத்துக்கு மாத்துன?" என்று. உடைந்த கண்ணாடி வீட்டில் இருக்கக் கூடாதே என்று மாற்றினேன் என்றேன். பிறகு, "உந் தம்பிக்குத் தெரியுமா?" என்றார். எழுதினேன் என்று சொன்னேன். நான் உனக்கு எழுதுவது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். திட்டுவார் என்று நின்றேன். "எழுதிக்கீற இல்ல, அப்ப உன் மேல தப்பு இல்ல" என்றார். பஸ் வந்தது, ஏறினோம்.

சுவரைத் தள்ளியது லாட்ஜ்காரரின் பள்ளமா, உன் இன்ஜினியரின் பள்ளமா, மண் போட மாட்டேன் என்ற உன் மாமாவின் வீம்பா, எனக்குத் தெரியாது. கண்ணாடி உடைந்து கிடந்த இடத்தில் முழுக் கண்ணாடியை வைத்தவள் நான். வர்ஷாவின் தலையணையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை நான் சுமந்துகொள்கிறேன். உன் பங்கை நீ சுமந்துகொள்.

ஷோபனா


அம்பத்தூர்
15.11.2025

அக்கா,

கடிதம் கிடைத்தது. நீ சொன்ன பழைய நவம்பர் கடிதம், வீடு மாற்றியபோது கட்டி வைத்த பெட்டியில் இருந்தது. இரண்டாவது தாள் முதல் தாளுக்குள் மடித்தபடியே இருந்தது, நான் பிரித்ததே இல்லை. முதல் தாளில் டீக்கடை வரைக்கும் வந்து, இது முடியாது என்று மூடி வைத்துவிட்டேன். படித்தேன் என்று எழுதினேன். நீ "அந்த ஞாயிற்றுக்கிழமை" என்று எழுதியதை ஏதோ கோவில் விசேஷத்துக்கு நான் வராததைச் சொல்கிறாய் என்று தள்ளிவிட்டேன். வேறு என்ன சொல்வது. வீடு வாங்குகிறவன் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தேன், உன் கடிதத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

பிரியா படித்துவிட்டு என்னோடு பேசவில்லை. நாகேந்திரன் சாரிடம் கேட்டேன், வீட்டில் இருக்கிற அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று. "சார்கிட்ட சொன்னேனே" என்றார்.

ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரை வாபஸ் வாங்கிவிட்டேன். வக்கீலிடமும் சொல்லிவிட்டேன். மாமா காலில் விழ வேண்டும் என்றாலும் விழுகிறேன். அன்றைக்கு நிஷாவைப் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் அக்கா? எனக்கு யாரும் சொல்லவில்லை.

மீதி வீட்டில் குடியிருக்க வர்ஷா பயப்படுகிறாள். லாட்ஜ்காரர் மறுபடி கேட்கிறார். கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

ஒரே ஒரு தடவை போன் பண்ணு.

திரு


கோவில்பதாகை
10.12.2025

தம்பி,

கேட்டாய், சொல்கிறேன். திருநின்றவூர்க்காரர்கள் ஒன்பது பேர் வந்தார்கள். உட்கார்ந்ததும் பையனின் அம்மா, பொண்ணுக்குத் தாய்மாமன் யார் என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறான் என்றேன். கேசரி ஆறிப்போனது. மறுபடி கேட்டார். பரந்தாமன், "மாமனா? அவரு இன்ஜினியர அனுப்பிச்சி செக் பண்ணிட்டுத்தான் வருவாரு" என்றார். அவர்கள் சிரித்தார்கள். விஷயத்தைத் தோண்டிக் கேட்டார்கள். கூடப் பிறந்தவனே நம்பாத வீடு என்று எழுந்து போனார்கள், அதோடு சரி. நிஷா உள்ளே பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் "மாமா வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ படித்துவிட்டும் வரவில்லை என்றுதான் இந்த ஒரு வருடமும் நான் நினைத்தேன். படிக்கவே இல்லை என்பதற்கு அதுவே தேவலை.

வீட்டை லாட்ஜ்காரருக்குக் கொடுத்துவிடு. அன்றைக்கே அவருக்குக் கொடுத்திருந்தால் வீடு மட்டும் போயிருக்கும்.

நிஷாவுக்கு வேறு இடம் அமைந்திருக்கிறது. தை மாதம் கல்யாணம், ஆவடியில் மண்டபம் சொல்லியிருக்கிறோம். பத்திரிகையில் தாய்மாமன் என்று உன் பெயர் இருக்கிறது. நான் வேண்டாம் என்றேன். உன் மாமாதான் கேட்கவில்லை. "அவன் ஊட்டு மேல புகார் குடுத்தான், எம் பொண்ணு மேலயா குடுத்தான்" என்கிறார். பத்திரிகை வைக்க அவரே வருவார். டீ கொடுத்து உட்கார வை, நல்லபடியாகப் பேசு. நீ காலில் விழுந்தால் அவர் எழுந்து போய்விடுவார், அதைச் செய்யாதே.

போன வாரம் அவர் நிஷாவைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிறுத்தி, "அன்னிக்கு நான் வாங்கன சத்தியத்த வாபஸ் வாங்கிக்கறேன். உந் தம்பியாண்ட பேசு" என்றார். நான் போனை எடுத்து உன் நம்பரைப் போட்டேன். நீ "அக்கா" என்றாய். இரண்டு தடவை சொன்னாய். கட் பண்ணியது நான்தான், சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பாய்.

அவரால் உன்னோடு பேச முடியும். அவர் ஊராரிடம் அவமானப்பட்டவர், அது ஆறிவிடும். எனக்கு அப்படி இல்லை. நான் எழுதியதை நீ படிக்கவில்லை. இனி நான் பேசினால் நீ கேட்பாய் என்று எதை வைத்து நம்புவது?

கல்யாணத்துக்கு முதல் நாளே பிரியாவையும் வர்ஷாவையும் கூட்டிக்கொண்டு வா. பிரியாவின் கை ஆறிவிட்டதா என்று நான் கேட்டதாகச் சொல். நிஷாவை மணமேடைக்கு நீதான் கூட்டிவர வேண்டும், மாலையை நீதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடு. யாராவது கேட்டால் நான் வேலையாக இருக்கிறேன் என்று சொல். என்னிடம் மட்டும் பேச்சுக் கொடுக்காதே. அவர் வாங்கிய சத்தியத்தை அவர் திருப்பி எடுத்துக்கொண்டார். இது நானாக எடுத்த முடிவு, இதை வாபஸ் வாங்க யாரும் வர மாட்டார்கள்.

இனி எழுதவும் மாட்டேன்.

ஷோபனா